முள்ளும் ருசியும்

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மனின் சிரசு, அதாவது அம்மனின் தலை உருவம், ஊர்வலமாகப் புறப்படும்போது, எங்கே வேலை பார்த்தாலும் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் மீறத் துணியாத வழக்கம். இந்த ஆண்டும் கோபாலபுரம் போகும் வழியில் உறவினர் ஒருவரின் மொட்டை மாடியில் பதினைந்து பேர் நெருக்கியடித்து நின்றிருந்தோம். கீழே சூறைத் தேங்காய்கள் சிதறிக்கொண்டிருந்தன. மாலைகளுக்குள் மூழ்கிய சிரசு கூட்டத்தின் தலைகளுக்கு மேல் மிதந்து வந்தபோது எல்லோரும் கைகூப்பினோம். அது கடந்து போன கையோடு, எண்பதை நெருங்கும் என் பெரிய அத்தை பக்கத்தில் நின்ற அக்கா மகளின் முகவாயைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். "மூணும் ஒரே புள்ளைக்கு எறங்கிகீது பாரு. அறிவு, அழகு, நாலு பேராண்ட பேசற தெறம. எல்லாம் நம்ம வம்சம்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திராது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்ற என் மகனைத் திரும்பிப் பார்த்து, "இவனுக்குத்தான் ஒண்ணும் எறங்கல, பாவம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மகனுக்குப் பதின்மூன்று வயது. அவன் தெருவில் தேங்காய்ச் சில்லு பொறுக்கிக்கொண்டிருந்த சிறுவர்களைப் பார்த்தபடியே இருந்தான். அத்தை சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் பிறகு உறுத்தியது. மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவன் நான். பதினெட்டு ஆண்டுகளாக மரபியல் பாடத்தைக் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கியவன், 'இறங்குவது' என்றால் என்ன என்று அந்த மாடியில் வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் ஒருத்தியின் தலை வேறொரு குலத்துப் பெண்ணின் உடலில் பொருந்தி அம்மனான கதையை ஆண்டுதோறும் தோளில் சுமந்து கொண்டாடும் ஊர் எங்களுடையது. அந்தத் தெருவில் நின்றுதான் அத்தை வம்சம் பேசினார்.

பொய்கைச் சந்தை

அத்தை சொன்ன வம்சத்தின் தலைமகன் என் தந்தை. அவர் மாட்டுத் தரகர். வேலூரைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் இருக்கும் பொய்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச் சந்தை கூடும். விடுமுறை நாட்களில் என்னையும் அழைத்துப் போவார். வாங்குகிறவன் கையையும் விற்கிறவன் கையையும் மாறி மாறித் தன் துண்டுக்குள் இழுத்து, விரல்களைப் பிடித்து அமுக்கியே விலை பேசுவார். வெளியே பார்த்தால் மழையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். உள்ளே விரல்கள் ஆயிரங்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சுத் திறமையில் எனக்கு ஒரு துளியும் வரவில்லை. தொலைபேசி மணி அடித்தால் வேறு யாராவது எடுப்பார்களா என்று பார்க்கிற சுபாவம் எனக்கு. முகச்சாயல் மட்டும் அப்படியே அவருடையது. அக்காவுக்கு அம்மாவின் முகமும் அவருடைய வாயும் வந்தன.

ஒருமுறை, பாலும் நிறைய வேண்டும், உதைக்கவும் கூடாது, பார்க்கவும் லட்சணமாக இருக்கவேண்டும் என்று ஒருவர் காலையிலிருந்து சந்தையைச் சுற்றிக்கொண்டிருந்தார். மடியைத் தட்டினார், காம்பு நான்கையும் பீய்ச்சிப் பார்த்தார், வாயைப் பிளந்து பல்லை எண்ணினார், நெற்றியிலும் முதுகிலும் சுழி தேடினார். எந்த மாடும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் அப்பால் போனதும் தந்தை என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "கறக்கறது ஒதைக்கும், ஒதைக்காதது கறக்காது. ரெண்டும் ஒரே மாட்டுல கீதுன்னு எவனாவது சொன்னா, தரகன் பொய் சொல்றான்னு வெச்சிக்கோ." சொன்னவரும் தரகர்தான் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அவர் சொன்னது சந்தை அனுபவம். அப்படியே அறிவியல் விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. சாதுவான, நன்றாகக் கறக்கிற மாடுகளும் உண்டு. ஆனால் அதன் உட்கருத்தைக் கால்நடை வளர்ப்பு அறிவியல் வேறு விதத்தில் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. ஹோல்ஸ்டீன் இனப் பசுக்களைப் பாலுக்காகவே பல பத்தாண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். பால் பெருகியது, கூடவே சினை பிடிக்கும் திறன் குறைந்துபோனது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றும் கூடும் என்பதற்கு உத்தரவாதமில்லை, குறையவும் செய்யலாம். நன்மைகள் எல்லாம் ஒரே மூட்டையில் கட்டி இறங்கும் என்கிற எண்ணத்தை ஒரு மாட்டுக் கொட்டகையே கலைத்துவிடும்.

556 விதைகள்

வகுப்பில் நான் நடத்துவது பட்டாணி. மெண்டல் ஏழு பண்புகளை எடுத்துக்கொண்டார், அவற்றில் இரண்டிரண்டைச் சேர்த்தும் கலந்து பார்த்தார். மஞ்சள் நிறமும் உருண்டை வடிவமும் கொண்ட செடியைப் பச்சை நிறமும் சுருக்கமும் கொண்ட செடியோடு கலந்து, அடுத்த தலைமுறையையும் தாண்டிப் பார்த்தபோது அவருக்கு 556 விதைகள் கிடைத்தன. 315 மஞ்சள் உருண்டை, 108 பச்சை உருண்டை, 101 மஞ்சள் சுருக்கம், 32 பச்சைச் சுருக்கம். மஞ்சள் நிறம் உருண்டையைக் கைப்பிடித்துக்கொண்டு வரவில்லை. அது அது தன் வழியில் வந்தது. எங்கள் வீட்டுக் கணக்கில் நான் அந்த 32இல் ஒருவன் என்று அம்மாவிடம் ஒருமுறை சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆனால் பட்டாணியைக் காட்டி அத்தையை மடக்கிவிட முடியாது. அறிவுக்கு ஒரு மரபணு, அழகுக்கு ஒரு மரபணு என்று எதுவும் இல்லை. உயரம் என்ற எளிய பண்பையே எடுத்துக்கொண்டால், 54 லட்சம் பேரை வைத்து 2022இல் வெளியான ஆய்வு, அதோடு தொடர்புடைய சுமார் 12,000 மரபணு வேறுபாடுகளைக் கண்டுபிடித்தது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. எத்தனை ஆண்டு படித்தார்கள் என்பதை வைத்து 30 லட்சம் பேரிடம் அதே ஆண்டில் நடந்த இன்னோர் ஆய்வில், ஏறத்தாழ நாலாயிரம் இடங்கள் தென்பட்டன. அவற்றிலிருந்து கணக்கிட்ட மரபணு மதிப்பெண் மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தைத்தான் விளக்கியது. இவையெல்லாம் 23 ஜோடிக் குரோமோசோம்களிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று என்று பெற்றோரில் ஒருவர் கொடுக்கும்போதே 83,88,608 வகையாகக் கொடுக்க முடியும். கொடுப்பதற்கு முன் அந்த ஜோடிகள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் கணக்கு எங்கோ போய்விடும். அடுத்தடுத்து இருக்கும் மரபணுக்கள் பிணைந்தே போகும் என்பது உண்மைதான். ஆனால் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடப்பவை எல்லாம் பிணைந்து ஒரே பிள்ளையிடம் வந்து சேரச் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடும் கைக்கு ஏதோ ஓரவஞ்சனை இருக்கவேண்டும்.

பெற்றோரிடமிருந்து எதுவுமே வருவதில்லை என்றும் நான் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகளில் நடந்த இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டி, ஒரு கோடியே நாற்பத்தைந்து லட்சம் ஜோடிகளின் விவரங்களோடு 2015இல் வந்த தொகுப்பு, எல்லாப் பண்புகளையும் சராசரி பார்த்தால் மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 49 சதவீதம் மரபு சார்ந்தது என்றது. இதை 'என் அறிவில் பாதி என் தகப்பன் கொடுத்தது' என்று படிப்பவர்கள் உண்டு. அது தவறு. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கொருவர் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதற்கான கணக்கு அது. தனி ஒரு மனிதனைத் துண்டு போட்டுப் பங்கு பிரிக்க அதில் இடமில்லை.

இன்னொன்று. பிரான்சிஸ் கால்டன் 205 தம்பதிகளின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரை அளந்து 1886இல் ஒன்றைக் காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடக் கொஞ்சம் குள்ளமாகவும், மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் உயரமாகவும் இருந்தார்கள். ஒரு பண்புக்கே இப்படி என்றால், மூன்றிலும் உச்சியில் நிற்பவர்களின் பிள்ளைகள் மூன்றிலும் உச்சியிலேயே பிறப்பது எவ்வளவு அபூர்வம் என்று பார்த்துக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடித்த அதே கால்டன்தான் நல்ல வம்சங்களை மட்டும் பெருக்கவேண்டும் என்ற கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவர். தன் கணக்கு சொன்னதைத் தானே கேட்காத மனிதர்.

தரகர் போடும் முடிச்சு

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. சில குடும்பங்களைப் பார்த்தால் மூன்றும் சேர்ந்தே இருப்பதுபோல் தெரிகிறதே, அது வெறும் பிரமையா? இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முடிச்சைப் போட்டது ரத்தம் அல்ல, கல்யாணத் தரகர். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பையன் பெரிய படிப்பு படித்து நல்ல வேலையில் இருந்தால் 'பொண்ணு செவப்பா, லட்சணமா' வேண்டும் என்பார்கள். பெண் அழகாக இருந்தால் அவளுக்குப் படித்த மாப்பிள்ளை தேடுவார்கள். ஒரு தட்டில் அழகு, மறுதட்டில் படிப்பு. தராசு நேராக நின்றால் தாம்பூலம் மாற்றிக்கொள்வார்கள். இப்படி இரண்டு மூன்று தலைமுறை நடந்தால், அழகுக்கான கூறுகளும் படிப்புக்கான கூறுகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகளிடம் வந்து சேரும். இரண்டுக்கும் உடலுக்குள் எந்தச் சம்பந்தமும் இருக்கவேண்டிய அவசியமில்லை. 2022இல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் கணக்குப் போட்டுச் சொன்னது. இரண்டு பண்புகளுக்கு இடையே மரபணு உறவு இருப்பதாக நாம் எண்ணுபவற்றில் பலவற்றை, ஒரு பண்புக்காரர் வேறொரு பண்புக்காரரைத் தேடி மணப்பதே கணிசமாகப் பெருக்கிக் காட்டுகிறது என்பது அதன் முடிவு.

அந்தக் காலத்தில் நல்லது வெளியே போய்விடக்கூடாது என்று சொந்தத்திலேயே கொடுத்து எடுத்தார்கள். என் பாட்டிக்குத் தாத்தா சொந்தத் தாய்மாமன். தாய்மாமன் அக்கா மகளை மணந்து பிறக்கும் பிள்ளைக்கு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தை மகன் மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. இதனால் நல்லவை பூட்டி வைக்கப்படும் என்று நம்பினார்கள். ஒளிந்திருக்கும் குறைகளும் அதே பூட்டுக்குள்தான் இருந்தன. காது கேளாமல் பிறந்து சிறு வயதிலேயே போய்விட்ட ஒரு சித்தப்பாவை வம்சக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

வீடு என்ற ஒன்றும் இருக்கிறது. ஐஸ்லாந்துக் குடும்பங்களை வைத்து 2018இல் வந்த ஆய்வில், பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்ட மரபணுக்கள்கூடப் பிள்ளையின் படிப்போடு தொடர்பு காட்டின. கொடுத்தவற்றின் தாக்கத்தில் சுமார் 30 சதவீத அளவுக்கு அது இருந்தது. கொடுக்காத மரபணு எப்படி வேலை செய்யும்? அது பெற்றோரை ஒரு விதமான மனிதர்களாக ஆக்கியிருக்கிறது. அந்த மனிதர்கள் ஒரு விதமான வீட்டை நடத்தியிருக்கிறார்கள். பிள்ளை அந்த வீட்டில் வளர்ந்திருக்கிறது. என் தந்தையின் பேச்சு அக்காவுக்கு வந்ததற்கு, அவள் அவரோடு திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் பதில் சொல்லி வளர்ந்தது போதாதா? நான் உள்ளே புத்தகத்தோடு இருந்தேன். 'குலத்தளவே ஆகும் குணம்' என்ற ஔவையின் வரியை அத்தை அடிக்கடி சொல்வார். அதே பாட்டில் நுண்ணறிவு கற்ற நூலளவே ஆகும் என்றும் இருப்பதை ஏனோ சொல்லமாட்டார்.

மழையில் கரைந்த பெயர்கள்

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று திரும்பத் திரும்ப வந்து முன்னால் நின்றது. அத்தையின்மேல் எனக்கிருந்த கோபத்தை அது பாதியாகக் குறைத்துவிட்டது.

அந்த ஆண்டு புதிதாக ஒரு பிரிவை எடுத்திருந்தேன். யாருடைய கையெழுத்தும் இன்னும் பழகவில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டை இருசக்கர வாகனத்தில் வைத்துக் கொண்டுவந்தபோது சத்துவாச்சாரி அருகே நல்ல மழை. வீட்டில் வந்து பிரித்தால் மேலுறை நனைந்து, முதல் பக்கத்தில் பெயர் எழுதிய மை ஊதா நிறமாக ஊறிப் பரவியிருந்தது. பதினோரு தாள்களில் பெயரே இல்லை. உள்ளே எழுதியது மட்டும் படிக்கும்படி இருந்தது. சரி, மதிப்பெண் போட்டுவிட்டு வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று திருத்த உட்கார்ந்தேன்.

இருபண்புக் கலப்பு, அதாவது இரண்டு பண்புகளைச் சேர்த்துக் கலந்து பார்ப்பது, பற்றி உதாரணத்துடன் விளக்கு என்பது ஒரு கேள்வி. எல்லோரும் பட்டாணியை எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் மட்டும் பட்டாணிக்குப் பிறகு இப்படி இருந்தது: "எங்கள் ஊரில் முள்ளுக் கத்தரிக்காய் போடுகிறோம். காம்பில் முள் அதிகமாக இருந்தால்தான் காய் ருசி என்பார்கள். முள்ளும் ருசியும் ஒரே காரணியால் வருகின்றனவா, அல்லது இரண்டும் சேர்ந்த விதையையே எடுத்து வைத்து எடுத்து வைத்துச் சேர்ந்தவைபோல் ஆகிவிட்டனவா என்பது, முள் இல்லாத செடியோடு கலந்து இரண்டாம் தலைமுறை வரை வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும்." நான் பேனாவை வைத்துவிட்டேன். அத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவர்கூட எழுதாத விடை அது. உடனே எனக்கு ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்தது. முதல் வரிசையில் இருப்பான், களையான முகம், எந்தக் கேள்விக்கும் தயங்காமல் எழுந்து அழகாகப் பேசுவான். அவனேதான் என்று முடிவு கட்டி, மதிப்பெண் பட்டியலில் பென்சிலால் அவன் பெயருக்கு நேரே எழுதியும்விட்டேன்.

மறுநாள் வகுப்பில் தாளை உயர்த்திக் காட்டியபோது எழுந்தவள் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண். இலவம்பாடிப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே குனிந்துகொள்வாள். மூன்று மாதத்தில் அவள் குரலை நான் இரண்டு முறை கேட்டிருந்தால் அதிகம். மாலையில் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நான் வைத்த வாய்மொழித் தேர்வில் பத்துக்கு அந்தப் பையனுக்கு 9, அவளுக்கு 5. என்ன கேட்டேன், என்ன சொன்னார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்தால், அவள் சொன்ன இரண்டு விடையும் சரி. மெதுவாகச் சொன்னாள், அவ்வளவுதான். அவன் சொன்ன ஒன்று தவறு, சிரித்துக்கொண்டே சொன்னான். நான் திருத்திவிட்டு முழு மதிப்பெண்ணும் கொடுத்திருந்தேன். அந்தப் பட்டியல் ஏற்கனவே மேலே போய்விட்டிருந்தது. திருத்தக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

உளவியல் அறிஞர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் எழுதியது இதைத்தான். ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழ் இருந்தவர்களுக்கு உடற்கட்டு, அறிவு, தலைமைத் திறன், குணம் என்று தனித்தனியே மதிப்பெண் போட்டார்கள். ஒன்றில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் பெரும்பாலும் மற்றவற்றிலும் வாங்கினார். அந்தப் பண்புகள் மனிதர்களிடம் அவ்வளவு நெருக்கமாக ஒட்டியிருக்க வாய்ப்பே இல்லை, ஒட்டவைத்தது மதிப்பிட்டவர்களின் மனம் என்று அவர் கண்டார். ஒரு நல்லதைச் சுற்றி ஓர் ஒளிவட்டம், அந்த வெளிச்சத்தில் மற்றதெல்லாம் நல்லதாகத் தெரிவது. நானும் என் பதிவேட்டில் அழகையும் பேச்சையும் அறிவோடு சேர்த்துத் தைத்திருந்தேன். அந்தப் பையனுக்கு அடுத்த நாள் நான் காட்டும் சிரிப்பும், கேட்கும் கூடுதல் கேள்வியும் அவனை மெய்யாகவே இன்னும் நன்றாகப் பேசவைத்திருக்கும். அவள் இன்னும் குனிந்திருப்பாள். பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவர், மூன்றும் ஒருவனுக்கு இறங்கியது, ஒருத்திக்கு எதுவும் இறங்கவில்லை என்பார்.

அதற்குப் பிறகு வாய்மொழித் தேர்வில் கேள்வியைச் சொல்லிவிட்டு, எல்லோரையும் ஒரு துண்டுத் தாளில் விடையை முதலில் எழுதச் சொல்கிறேன். அதிலும் கோணல் இருக்கலாம். கையெழுத்தும் ஓர் அழகுதானே.

காட்பாடி நடைமேடையில்

திருவிழா முடிந்த இரண்டாம் நாள் அக்கா மகளைச் சென்னை வண்டி ஏற்றிவிடக் காட்பாடி போனேன். வண்டி தாமதம். பேச்சுவாக்கில் அத்தை சொன்னதை எடுத்தேன். அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாமா, சி.ஏ. ஃபைனல்ல நான் ரெண்டு தடவை ஃபெயிலானப்போ, அது யாரு வம்சத்துலேர்ந்து எறங்குச்சுன்னு யாராவது கேட்டாங்களா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. "எட்டாவது படிக்கறப்போ பிரேயர்ல செய்தி வாசிக்கச் சொன்னா எனக்கு வாந்தி வரும். அம்மாதான் தெனமும் காலைல கொல்லைப்புறத்துல நிக்கவெச்சுச் சத்தமாப் படிக்கச் சொல்லுவாங்க. ஒரு வருஷம். பக்கத்து வீட்டுக் கோழிங்கதான் கேக்கும்." அவள் சிரித்தாள்; கோபம் சிரிப்பில் மறையவில்லை. என் மகனுக்காக நான் வருந்திக்கொண்டிருந்த அந்த ஒரு வாக்கியத்தில், பாராட்டப்பட்டவளிடமிருந்தும் ஏதோ பறிக்கப்பட்டிருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

சென்ற வாரம் பெரிய அத்தை கூப்பிட்டார். ஆற்காட்டில் ஓர் இடம் வந்திருக்கிறதாம். "பையன் கொஞ்சம் நெறம் கம்மி, ஆனா டாக்டரு. நம்ம பொண்ணு அழகுக்கு அவன் படிப்பு சரியாப்பூடும். போட்டோ ஒண்ணு அனுப்பு, அந்த செவப்புப் பொடவையில எடுத்தது" என்றார். சி.ஏ. தேர்ச்சிச் சான்றிதழையும் அனுப்பட்டுமா அத்தை என்று கேட்டேன்.

"அது இன்னாத்துக்கு? மூஞ்சப் பாத்தாலே தெரியாதா?"

படத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். அவளைக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று இருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.